எளியோரின் பேறு: நிஜாம் நாட்டுத் திருச்சபை வரலாற்றிலிருந்து ஒரு வாசிப்பு

கேள்வி

ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப்பரப்பில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிறிஸ்தவம் தழுவியவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். தேஷ்முக் என்ற நிலக்கிழார்களுக்கும் ஊர் அதிகாரிகளுக்கும் கூலியில்லாமல் வேலை செய்யும் வெட்டி முறைக்குள் பிறந்தவர்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், திருவிழாவில் தப்பு அடிப்பதும், அதிகாரி வந்தால் சுமை தூக்குவதும் பிறப்பிலேயே அவர்கள்மேல் ஏற்றப்பட்ட கடமைகள். இவர்களிடம்தான் ஊழியர்கள் மலைப்பிரசங்கத்தைக் கொண்டுபோனார்கள். ஏழைக்குப் பேறு உண்டு, அழுகிறவருக்கு ஆறுதல் உண்டு, சாந்தமுள்ளவருக்கு நிலம் உண்டு என்று போதித்தார்கள்.

ஒரு குழி நிலமும் இல்லாதவருக்கு, சாந்தமாக இருப்பதைத் தவிர வேறு வழியே விடப்படாதவருக்கு, இந்தப் போதனை என்ன செய்தது? குனிந்திருந்த முதுகை நிமிர்த்தியதா, அல்லது குனிந்திருப்பதையே புண்ணியமாக்கிவிட்டதா? பேறுகளை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது எப்படி என்று பிரசங்க பீடங்களில் ஆண்டுதோறும் கேட்கிறோம். நிலமற்றவருக்கு அவை என்ன செய்தன என்ற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதைப் பேசுவது பொறுப்பாகாது. ஐதராபாத் நாட்டின் திருச்சபை வரலாறு அதற்குப் பதில் தேடத் தகுந்த இடம். அந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு.

இரண்டு நற்செய்திகளும் சில விளக்கங்களும்

பேறுகள் நமக்கு இரண்டு வடிவங்களில் கிடைக்கின்றன. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் வரும் பட்டியல் நீளமானது. அது ஆவியில் எளிமை, இதயத் தூய்மை, நீதியின்மேல் பசிதாகம் என்று உள்ளத்தின் இயல்புகளைப் பேசுகிறது. லூக்கா 6ஆம் அதிகாரத்தில் நான்கே பேறுகள். அங்கே ஏழைகள் வெறுமனே ஏழைகள். பசித்தவர்கள் வயிற்றுப் பசி உள்ளவர்கள். அந்த நான்கையும் ஒட்டி, செல்வர்களுக்கும் வயிறு நிறைந்தவர்களுக்கும் எதிராக நான்கு எச்சரிப்புகளும் வருகின்றன. நம் ஆலயங்களில் மத்தேயுவைக் கேட்ட அளவுக்கு லூக்காவைக் கேட்டதில்லை. சுவரில் மாட்டும் வசன அட்டைகளில் அந்த நான்கு எச்சரிப்புகளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மலைப்பிரசங்கத்துக்கு உரை எழுதிய அகஸ்டின், பேறுகளை ஆன்மா ஏறிச்செல்லும் படிகளாகக் கண்டார். இடைக்காலத்தில் அவற்றின் முழுக் கடுமையும் துறவிகளுக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. அதை மறுத்த லூத்தர் எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாக்கினார். ஆனால் தனிமனிதரின் ஒழுக்கம் வேறு, ஆட்சிப்பொறுப்பின் ஒழுங்கு வேறு என்று பிரித்தும் வைத்தார். பெருவைச் சேர்ந்த குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971இல் வெளியிட்ட விடுதலை இறையியல் நூல், வறுமையைப் பற்றிய குழப்பத்தை நேராக எதிர்கொண்டது. பொருள் வறுமை ஒழிக்கப்பட வேண்டிய கேடு; ஆவியின் எளிமை கடவுளுக்குத் திறந்திருக்கும் மனநிலை; இவ்விரண்டையும் இணைப்பது ஏழைகளோடு சேர்ந்து வறுமையை எதிர்த்து நிற்கும் வாழ்வு என்று அவர் வகுத்தார்.

இந்த விளக்கங்களைவிட, இந்த மண்ணிலிருந்தே எழுந்த ஒரு குற்றச்சாட்டுக்கு நாம் முதலில் செவிகொடுக்க வேண்டும். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலைபற்றி எழுதிய அம்பேத்கர், கிறிஸ்தவப் போதனை அவர்களுடைய தாழ்வுக்குச் சமூக அமைப்பைக் காரணம் காட்டாமல், ஆதாம் வழிவந்த பாவத்தைக் காரணம் காட்டுகிறது என்றார். தாழ்வுக்கு நாமே காரணம் என்று நம்புகிறவருக்கு அமைப்பை மாற்றும் வேகம் எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. இந்தியக் கிறிஸ்தவர்கள் ஒரு சமூகமாகத் திரண்டு அநீதியை எதிர்த்துப் போராடவில்லை என்பதும் அவர் வருத்தம். 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் தனிப் பெயரோடு வளர்ந்தது. அம்பேத்கரின் இந்தக் கேள்விக்குத் திருச்சபைக்குள்ளிருந்து பதில் தேடும் முயற்சியாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

தோர்ணக்கல்

விஜயவாடாவிலிருந்து காஜிப்பேட்டைக்குப் போகும் ரயில் பாதையில், இன்றைய தெலங்கானாவின் மஹபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது தோர்ணக்கல். நிஜாம் காலத்தில் அது ஒரு ரயில் சந்திப்பைத் தவிர வேறு சிறப்பில்லாத ஊர். 1909இல் அங்கே கூடாரமடித்துத் தங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். கிராமத்து ஆங்கிலிக்கன் குருவானவரின் மகன். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியர்களை வெளியே அனுப்புவதைக் கண்டார். அது அவரை உறுத்தியது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அச்சங்கம் முதலில் தேர்ந்துகொண்ட களம் நிஜாம் நாட்டின் இந்தப் பகுதிதான்.

வேறு மொழி பேசும், தாங்கள் பார்த்திராத மனிதர்களுக்காகத் திருநெல்வேலியின் கிராமச் சபைகள் காணிக்கை எடுத்தன. அந்தச் சபைகளில் பெரும்பாலோர் பனையை நம்பியும் சிறு பயிரை நம்பியும் பிழைத்தவர்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவது அங்கே பெண்களின் வழக்கம். கொடுக்கும் இந்தப் பழக்கத்தை அசரியா தெலுங்குச் சபைகளிலும் வேரூன்றச் செய்தார். கிறிஸ்தவரின் கொடை பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார். ஏழையிடம் காணிக்கை கேட்பது கொடுமையில்லையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வெட்டி முறையில் வாழ்ந்தவரிடமிருந்து எல்லாம் பறிக்கப்பட்டது. அவர் எதையும் கொடுத்தவராக எண்ணப்பட்டதே இல்லை. விரும்பிக் கொடுக்கிறவர், கொடுக்கும் அந்தச் செயலிலேயே தன் பொருளுக்கும் தன் கைக்கும் தானே உரியவர் என்று ஊரறிய நிற்கிறார். ஏழைக்குப் பேறு என்ற போதனை தோர்ணக்கல் வட்டாரத்தில் பெற்ற முதல் நடைமுறைப் பொருள் இது என்று எண்ணுகிறேன்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அவர் பேராயம் பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கடலோரத் தெலுங்கு மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. 1940களின் தொடக்கத்தில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அசுத்தம், நோய், கடன், குடி என்ற நான்கையும் கிராமத்தின் நான்கு பகைகளாகப் பெயரிட்டு அவர் இயக்கமாகவே நடத்தினார். இறையியல் பள்ளியில் சேர்ந்த ஊழியர்களோடு அவர்களுடைய மனைவியரும் பயிற்சி பெற்றார்கள். பேராயரின் மனைவி அன்பு மரியம்மாள் அந்தப் பெண்களுக்குக் கற்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேதப் பகுதிகளைப் பாட்டாகவும் மனப்பாடமாகவும் கற்றார்கள்.

இவற்றைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி மிஷன் அறிக்கைகள். நன்கொடையாளர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை என்பதால் அவற்றை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் வேறொரு தடயம் இருக்கிறது. 1933இல் வெளியான பிக்கெட்டின் வெகுஜன மதமாற்ற ஆய்வும், பின்னர் அசரியாவைப் பற்றி சூசன் ஹார்ப்பர் எழுதிய விரிவான வரலாறும் அதைக் குறிப்பிடுகின்றன. மாலா, மாதிகா கிறிஸ்தவர்களிடம் கண்ட மாற்றத்தால் ஈர்க்கப்பட்டு, அவர்களைவிட உயர்வாகக் கருதப்பட்ட சாதியினர் சிலரும் 1920களிலும் 30களிலும் சபையில் சேர வந்தார்கள். தாழ்த்தப்பட்டவர் கும்பிடும் கடவுளைத் தேடி மேலே உள்ளவர் வருவது, ஊரின் அடுக்கைத் தலைகீழாக்கும் செயல். அடங்கிப்போன மக்களைப் பார்த்து யாரும் இப்படி ஈர்க்கப்படுவதில்லை. செத்த மாட்டின் இறைச்சியை உண்ண மறுப்பதும், விழாவில் தப்பு அடிக்க மறுப்பதும், ஞாயிறன்று வேலைக்கு வர மறுப்பதும் அவர்களுடைய சாந்த குணத்துக்குள் அடங்கியிருந்தன. மறுத்ததற்காக அடி வாங்கினார்கள். திருப்பி அடிக்காமலும், மறுப்பை விட்டுக்கொடுக்காமலும் இருந்தார்கள். இதைப் பணிவு என்று மட்டும் சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வழங்கிய 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பை அசரியா எதிர்த்தார். நாட்டின் பொது வாழ்விலிருந்து திருச்சபை தன்னைப் பிரித்துக்கொண்டு சலுகை தேடக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. உயர்ந்த எண்ணம்தான். ஆனால் 1936ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்தியக் கிறிஸ்தவர் எவரையும் பட்டியலில் சேர்க்க முடியாது என்று விதித்தது. உரிமையைத் துறக்கும் பெருந்தன்மையைப் படித்த தலைவர்கள் தேர்ந்துகொண்டார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் மாதிகா கூலிகள். சாந்தத்தை ஒருவர் தனக்காகத் தேர்ந்துகொள்ளலாம். இன்னொருவர் சார்பில் தேர்ந்துகொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

காந்தி லண்டனில் மாணவராக இருந்தபோதே மலைப்பிரசங்கத்தில் மனம் தோய்ந்தவர். 1930களில் அரிஜனங்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அசரியாவுக்கும் அவருக்கும் இடையே விரிசல் விழுந்தது. ஒரே பிரசங்கத்தை இருவரும் நேசித்தார்கள். காந்தி அதில் தனிமனிதரின் ஆன்மப் பயிற்சியைக் கண்டார். அசரியாவோ அதை வாழ்ந்துகாட்ட ஒரு சபை வேண்டும் என்று நம்பினார். இந்த ஒன்றில் அசரியாவின் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்; தனி ஆளாகத் தப்பு அடிக்க மறுக்கும் மாதிகாவை ஊர் ஒரே நாளில் நசுக்கிவிடும்.

மேதக்கும் டிச்பள்ளியும்

ஐதராபாத்துக்கு வடக்கே உள்ள மேதக் பேராலயத்தை அறியாதவர் தெலங்கானாவில் குறைவு. வெஸ்லியன் மெதடிஸ்ட் ஊழியர் சார்லஸ் வாக்கர் போஸ்னெட் பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலையும் அதற்குக் கூலியாக உணவும் கொடுத்து அதைக் கட்டினார். 1914இல் தொடங்கிய பணி முடிந்து 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டை நடந்தது. கோபுரம் 173 அடி உயரம். பசித்தவர் சும்மா வாங்கித் தின்னாமல் உழைத்து உண்டார் என்பதால் இதில் மரியாதை இருந்தது. ஆயினும் பசித்தவருக்கு எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும் இடம் இருக்கவில்லை.

நிஜாமாபாத் அருகே டிச்பள்ளியில் 1915இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை வேறு வகை. ஸ்காட்லாந்து மருத்துவர் இசபெல் கெர், கணவர் ஜார்ஜ் கெர்ருடன் அதை நடத்தினார்; இடமும் பணமும் தந்து உதவியவர்களில் முதன்மையானவர் ராஜா நர்ச கவுட் என்ற இந்துச் செல்வர். இரக்கத்துக்குரிய பேறு திருச்சபை உறுப்பினர் பதிவேட்டுக்குள் அடங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதயத் தூய்மையும் சாதிச் சான்றிதழும்

இன்று ஐதராபாத்திலும் சுற்று மாவட்டங்களிலும் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம் அன்றாடம் சந்திக்கும் சிக்கலுக்கு 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி காரணம். அதன்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தெலங்கானா, ஆந்திரம் இரண்டிலும் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள் பிற்படுத்தப்பட்டோரில் 'சி' பிரிவினர். அவர்களுக்கு ஒதுக்கீடு 1 சதவீதம். இந்த மத வரம்பை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதன் விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே. ஞாயிறன்று ஆலயத்துக்குப் போகும் குடும்பம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் 'இந்து மாலா' அல்லது 'இந்து மாதிகா' என்று எழுதுகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், அரசுப் பதிவேட்டில் இன்னொரு பெயர். இதயத் தூய்மையைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர் இவர்களைப் பார்த்து என்ன சொல்வது? பொய் சொல்கிறார்கள் என்று விரல் நீட்டுவது எளிது. வசதியுள்ள கிறிஸ்தவர்கள் சிலர் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். சாதி இழிவு மதம் மாறியபின்னும் தொடர்கிறது என்பதை ஊர் அறியும், மயானம் அறியும், வாடகை வீட்டுக்காரர் அறிவார். சட்டம் மட்டும் அறியாததுபோல் நடித்துவிட்டு, உண்மையைச் சொல்வதற்கு ஒரு விலையும் வைத்திருக்கிறது. அந்த விலையை ஏழை மட்டுமே கொடுக்க வேண்டியிருக்கிறது. நீதிக்காகத் துன்பப்படுவோரின் பேற்றை நம் காலத்தில் தேடுகிறவர் ரோமப் பேரரசின் காட்சிக்கூடங்கள்வரை போக வேண்டியதில்லை. தாசில்தார் அலுவலகத்தின் வரிசையிலேயே காணலாம்.

நீதியின்மேல் பசிதாகம் என்பதற்கும் அருகிலேயே வரலாறு இருக்கிறது. குண்டூர் மாவட்டம் சுண்டூரில் 1991 ஆகஸ்ட் 6 அன்று ஆதிக்க சாதியினர் எட்டு தலித்துகளைக் கொன்றார்கள். அங்குள்ள தலித் குடும்பங்களில் பலர் கிறிஸ்தவ வழிபாட்டில் இருப்பவர்கள். வழக்கைத் தங்கள் ஊரிலேயே விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நின்று அதைப் பெற்றார்கள். 2007இல் அந்தச் சிறப்பு நீதிமன்றம் 21 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2014இல் ஐதராபாத்தில் இருந்த உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. பசித்தவர் நிறைவடைவார் என்ற வாக்குறுதி இவர்களுக்கு இன்னும் நிறைவேறவில்லை. பதினாறு ஆண்டுகள் தளராமல் நீதி கேட்டு நின்ற அந்த மக்களின் பசிதான் மத்தேயு பேசும் பசி. நகரத்துச் சபைகள் அவர்களோடு நின்றது மிகக் கொஞ்சம்.

சுல்தான் ஷாஹி

சமாதானம் செய்கிறவர்களின் பேற்றுக்கு ஐதராபாத் நகரமே தரும் சான்று ஹென்றி மார்ட்டின் நிறுவனம். உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த ஆங்கிலிக்கன் சாப்ளின் ஹென்றி மார்ட்டின் பெயரால், முஸ்லிம்களிடையே நற்செய்தி அறிவிக்கும் ஊழியர்களைப் பயிற்றுவிப்பதற்காக, அது 1930இல் லாகூரில் தொடங்கப்பட்டது. பல ஊர்கள் மாறி 1971இல் ஐதராபாத்துக்கு வந்தது. இஸ்லாத்தை மறுப்பதற்காகப் படித்தவர்கள் காலப்போக்கில் புரிந்துகொள்வதற்காகப் படிக்கத் தொடங்கினார்கள். அந்த மாற்றம் வகுப்பறைக்குள் மெல்ல நடந்தது. அது தெருவுக்கு வந்ததற்குக் காரணம் 1990 டிசம்பரில் பழைய நகரத்தை உலுக்கிய கலவரம். நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஊரடங்கு வாரக்கணக்கில் நீடித்தது.

நகரத்தின் பிற அமைப்புகளோடு சேர்ந்து நிறுவனத்தார் நிவாரணப் பணியில் இறங்கினார்கள். அதிலிருந்து அமன் சாந்தி மன்றம் உருவானது. நிவாரணத்தோடு திரும்பிவிடாமல், இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் சுல்தான் ஷாஹிப் பகுதியில் அவர்கள் தங்கிவிட்டார்கள். சிறுவர்களுக்குக் கல்வி, பெண்களுக்குத் தையலும் பின்னல் வேலைப்பாடும், எளிய மருத்துவ உதவி என்று பணி தொடர்ந்தது. கலவரத்தின்போது எதிரெதிர்ப் பக்கம் நின்ற வீடுகளின் பெண்கள் ஒரே அறையில், ஒரே தையல் இயந்திரத்துக்கு முறை வைத்துக் காத்திருந்து பழகினார்கள். சமயப் பிரசங்கம் அங்கே இல்லை.

இது நற்செய்தியைக் கைவிடுவதாகாதா என்று திருச்சபைக்குள் சிலர் கேட்டதுண்டு. சமாதானம் செய்கிறவரைக் கடவுளின் பிள்ளை என்று அழைக்கும் அந்தப் பேற்றில், எதிர்த்தரப்பு முதலில் மனம் மாற வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. லாகூரில் எந்த நோக்கத்தோடு தொடங்கினார்களோ அதைவிடப் பெரிய கீழ்ப்படிதலுக்கு அந்த நிறுவனம் வந்து சேர்ந்தது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

மதிப்பீடு

முதலில் எழுப்பிய கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. பேறுகள் ஒரு சபையின் கூட்டு நடைமுறையாக ஆன இடங்களில், அதாவது பிடி அரிசியாக, தப்பு அடிக்க மறுப்பதாக, சுல்தான் ஷாஹியின் தையல் அறையாக ஆனபோது, அவை எளியவரை நிமிர்த்தின. தனிமனித நற்பண்புகளின் பட்டியலாகச் சுருக்கி, ஏழைக்குப் பொறுமையையும் செல்வருக்கு ஆறுதலையும் போதித்த இடங்களில் அம்பேத்கரின் குற்றச்சாட்டு முழுவதும் பொருந்துகிறது.

அந்தக் குற்றச்சாட்டுக்குத் திருச்சபைக்குள் இன்றும் ஆதாரம் உண்டு. மாலாவும் மாதிகாவும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டபின் வேறுவேறாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். போதகசேகரத் தேர்தல்களில் சாதிக் கணக்கு வெளிப்படையாகவே போடப்படுகிறது. பேராயச் சொத்துகள் பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கின்றன. 1945 புத்தாண்டு நாளில் தோர்ணக்கலில் மறைந்த அசரியா, 1947 செப்டம்பரில் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். சபைப் பிரிவுகள் இணைந்தன, சாதிகள் இணையவில்லை.

சகல பரிசுத்தவான்கள் திருநாளில் மத்தேயுவின் பேறுகளை வாசிக்கும் சபைகள், அதே ஆராதனையில் லூக்காவின் நான்கு எச்சரிப்புகளையும் வாசிக்கட்டும். சாதி சொல்லி ஓட்டுக் கேட்பவரைப் போதகசேகரக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் முடிவெடுக்கட்டும். பட்டியல் சாதி உரிமைக்கான வழக்கில் தலித் கிறிஸ்தவர்களோடு, இட ஒதுக்கீடு தேவைப்படாத கிறிஸ்தவர்கள் முதலில் வந்து நிற்கட்டும். திருநெல்வேலியின் ஏழைப் பெண்கள் முன்பின் அறியாத மாதிகா குடும்பங்களுக்காக ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள்; அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் இதைக் கேட்பது அதிகமில்லை.